ஆறு வயதில் முடிவாகும் பட்டம்: ரோமா பெண்களும் உயர்கல்வியும்

ஐரோப்பாவின் மிகப் பெரிய சிறுபான்மை இனத்தவர் ரோமா மக்கள். கண்டம் முழுவதும் அவர்கள் ஒரு கோடி முதல் 1.2 கோடி வரை இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்கிறார்கள். மத்திய, கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் ரோமா சமூகத்தில் பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள் என்று, 2011-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் ஐரோப்பிய ஆணையமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பு காட்டியது. உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகங்கள் சில இருக்கும் கண்டத்தின் நிலைமை இது. அந்த நூறில் ஒருவராக ஒரு பெண் வர வேண்டுமானால் அவர் கடக்க வேண்டிய தடைகள் ஆணுக்கு இருப்பவற்றைவிட அதிகம்.

இந்தச் சரிவு பல்கலைக்கழகத்துக்கு வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021-இல் 10 நாடுகளில் நடத்திய ஆய்வில், 20 முதல் 24 வயது வரையுள்ள ரோமா இளைஞர்களில் மேல்நிலைக் கல்வியை முடித்திருந்தவர்கள் 27 விழுக்காட்டினர். ஒன்றியத்தின் பொதுச் சராசரி 84. நான்கில் மூவருக்குப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கும் தகுதியே கிடைப்பதில்லை. இதே முகமையின் 2016 ஆய்வு ஆண் பெண் வேற்றுமையைப் பளிச்சென்று காட்டியது. 16 முதல் 24 வயது வரையுள்ள ரோமா பெண்களில் 72 விழுக்காட்டினர் படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. ரோமா ஆண்களில் இது 55 விழுக்காடு. பொதுமக்களில் இந்த வயதினரிடையே 12 விழுக்காடு அளவில்தான் இருந்தது. மேற்கு ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காக 2017-இல் தயாரான ஓர் ஆய்வு, 18 முதல் 30 வயது வரையுள்ள ஜிப்சி, ரோமா, டிராவலர் சமூகத்தினரில் உயர்கல்விக்குச் செல்பவர்கள் 3 அல்லது 4 விழுக்காட்டினரே என்று மதிப்பிட்டது. நாட்டின் பொது அளவு 43.

எல்லா நாடுகளுக்கும் இப்படிக் கணக்குக் கிடையாது. பிரான்சில் இனவாரியாக மக்களைக் கணக்கெடுப்பதில்லை. ஜெர்மனியில் ரோமா அமைப்புகளும், ரோமா மக்களின் ஒரு பிரிவினரான சிண்டியின் அமைப்புகளுமே அத்தகைய பதிவேட்டை எதிர்க்கின்றன. நாஜி ஆட்சியில் இனப் பதிவேடுகள் முதலில் வந்தன, வதை முகாம்கள் பின்னால் வந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்த எதிர்ப்பைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

இந்த எண்களுக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ரோமா சமூகத்தின் வழக்கங்கள், குறிப்பாகச் சிறுவயதுத் திருமணமும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும், பெண்களைப் படிக்கவிடாமல் தடுக்கின்றன என்பது ஒன்று. அரசுப் பள்ளிகளே ரோமா குழந்தைகளைத் தொடக்கத்திலேயே பிரித்து வைத்து, மேற்படிப்புக்குப் போக முடியாதபடி செய்துவிடுகின்றன என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எது முன்னால் நிகழ்கிறது, எது எதற்குக் காரணமாகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், ஆவணங்கள் இரண்டாவது விளக்கத்தின் பக்கமே அழுத்தமாக நிற்கின்றன.

பள்ளியின் மீது அச்சம்

ரோமானி ஓர் இந்தோ-ஆரிய மொழி. அதைப் பேசியவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து மேற்கே சென்றார்கள் என்பதற்கு அந்த மொழிதான் முதன்மைச் சான்று. ஐரோப்பாவில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு கொடியது. இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வலாக்கியாவிலும் மால்டேவியாவிலும் ரோமா மக்கள் 14-ஆம் நூற்றாண்டு முதல் அடிமைகளாக இருந்தார்கள். இளவரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் மடாலயங்களுக்கும் சொந்தமான உடைமைகளாக விற்கப்பட்டார்கள். அந்த அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1856-இல்தான்.

ஹாப்ஸ்பர்க் பேரரசில் கல்வியே தண்டனையாக வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பேரரசி மரியா தெரேசாவும் அவருக்குப் பின் அவருடைய மகன் இரண்டாம் ஜோசப்பும் ரோமா மக்களைக் குடியானவர்களாக மாற்றும் திட்டத்தின் பெயரில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு குடும்பங்களில் வளர்த்துப் பள்ளிக்கு அனுப்ப ஆணையிட்டார்கள். பள்ளி என்பது பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகும் இடம் என்ற அச்சத்துக்கு இப்படி ஓர் உண்மையான அடிப்படை இருந்தது. பின்னர் நாஜிகளின் இனப்படுகொலையில் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரையிலான ரோமா, சிண்டி மக்கள் கொல்லப்பட்டார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு ஆஷ்விட்ஸ்-பிர்கெனௌ முகாமின் ரோமா குடும்பப் பகுதியில் எஞ்சியிருந்த 4,000-க்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். போருக்குப் பிறகு ரோமா குடும்பங்கள் பள்ளியையும் அரசு அலுவலகத்தையும் எட்டி நின்றே பார்த்ததில் வியப்பில்லை.

தாமாகக் கற்ற மூவர்

இந்தச் சூழலில் எழுத்தறிவைத் தேடிப்போன பெண்கள் தனித்தனியாகத்தான் போனார்கள். போலந்தின் கவிஞர் ப்ரோனிஸ்லாவா வாய்ஸ், பாபுஷா என்ற பெயரில் அறியப்பட்டவர், வண்டிகளோடு ஊர் ஊராகப் போன கூட்டத்தில் பிறந்தவர். கூட்டம் தங்கிய ஊரில் கடை வைத்திருந்த ஒரு யூதப் பெண்மணிக்குக் கோழி கொண்டுபோய்க் கொடுத்து, அதற்குப் பதிலாக எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். படிக்கிறாள் என்பதற்காக வீட்டில் அடி வாங்கினார். 1950-களில் அவருடைய பாடல்கள் போலிஷ் மொழிபெயர்ப்பில் அச்சேறின. அதே காலத்தில் போலந்து அரசு ரோமா மக்களைக் கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தியது. அதற்கு அந்த எழுத்துகள் துணைபோயின என்று கருதிய சொந்தச் சமூகம் அவரை விலக்கி வைத்தது. வாழ்நாளின் பிற்பகுதியைத் தனிமையில் கழித்து 1987-இல் இறந்தார். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் இரண்டு பக்கமும் இழக்க நேரும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

ஸ்வீடனின் கத்தரீனா தைகோன் 1932-இல் பிறந்தவர். ரோமா முகாம்களை ஊராட்சிகள் ஓரிடத்தில் நிலைக்க விடாமல் துரத்திக்கொண்டே இருந்ததால் அவரால் ஒரு பள்ளியிலும் தொடர்ந்து படிக்க முடியவில்லை. இருபது வயதைக் கடந்த பிறகே சரளமாக எழுதப் படிக்கக் கற்றார். 1963-இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் ஸ்வீடனின் மனசாட்சியை உலுக்கியது. பின்னர் அவர் எழுதிய கத்திட்ஸி கதை வரிசை ஸ்வீடன் குழந்தைகள் விரும்பிப் படித்த நூல்களில் ஒன்றாயிற்று. அவருடைய போராட்டங்களின் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று, பள்ளி மறுக்கப்பட்ட வயதுவந்த ரோமா மக்களுக்கும் கல்வி தர வேண்டும் என்பது.

மூன்றாமவர் எலெனா லாட்ஸ்கோவா. இன்றைய ஸ்லோவாக்கியாவின் கிழக்கே ப்ரெஷோவ் நகருக்கு அருகில் வெல்கி ஷாரிஷ் என்ற ஊரின் ரோமா குடியிருப்பில் 1921-இல் பிறந்தார். தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. போர்க்கால அனுபவங்களைக் கொண்டு போர் முடிந்ததும் ஒரு நாடகம் எழுதி, உறவினர்களையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடத்தினார். அதன் மூலம் அரசுப் பண்பாட்டுப் பணியில் வேலை கிடைத்தது. குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே, வேலையையும் விடாமல், நாற்பது வயதுக்கு மேல் ப்ராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தொடங்கி 1970-இல் பட்டம் பெற்றார். செக்கோஸ்லோவாக்கியாவில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் ரோமா பெண் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். அப்போது அவருக்கு வயது 49. அவருடைய வாழ்க்கைக் கதையைக் கேட்டுப் பதிவு செய்து நூலாக்கியவர் மிலேனா ஹுப்ஷ்மன்னோவா. இந்தியும் வங்காளமும் படித்துவிட்டு ரோமானி மொழிக்கு வந்து, 1991-இல் அதே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ரோமானி ஆய்வுப் படிப்பைத் தொடங்கியவர் அவர்.

ஒஸ்ட்ராவாவின் பள்ளிகள்

லாட்ஸ்கோவா பட்டம் பெற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பின்பும் அவருடைய வழியில் ஒரு பெரும் வரிசை ஏன் வரவில்லை என்பதற்கான விடை, செக் குடியரசின் தொழில்நகரமான ஒஸ்ட்ராவாவில் கிடைக்கிறது. அங்கே 1996-க்கும் 1999-க்கும் இடையில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட 18 ரோமா குழந்தைகளின் சார்பில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்குக்காகத் திரட்டப்பட்ட புள்ளிவிவரங்களின்படி, நகரின் ரோமா குழந்தைகளில் 50.3 விழுக்காட்டினர் சிறப்புப் பள்ளிகளில் இருந்தார்கள். மற்றக் குழந்தைகளில் அது 1.8 விழுக்காடு. ஒரு ரோமா குழந்தை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு 27 மடங்கு அதிகம்.

நடந்த முறையைப் பார்க்க வேண்டும். பள்ளியில் சேரும் வயதுக் குழந்தையை உளவியல் மையத்துக்கு அனுப்பி நுண்ணறிவுச் சோதனை நடத்துவார்கள். சோதனை செக் மொழியில் இருக்கும்; பெரும்பான்மைச் சமூகத்துக் குழந்தைகளைக் கொண்டு அளவு வகுக்கப்பட்டது. குடியிருப்பிலிருந்து வரும் குழந்தையின் வீட்டில் பேச்சு வேறு, கதை வேறு, பொம்மையும் படப்புத்தகமும் இருந்திருக்காது. மதிப்பெண் குறைந்தவுடன் சிறப்புப் பள்ளிக்குப் பரிந்துரை வரும். பெற்றோரிடம் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வேறு வழி என்ன இருக்கிறது, கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கியதில்லை. அன்றைய சிறப்புப் பள்ளியில் பாடம் குறைவு. அதை முடித்தவருக்கு மேல்நிலைக் கல்வியின் பொதுப்பிரிவு எட்டாது; எளிய தொழிற்பயிற்சியோடு நிற்க வேண்டியதுதான். இப்படி ஒரு சிறுமி மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக முடியாது என்பது அவளுடைய ஆறு வயதில், ஒரு பிற்பகலில், ஒரு படிவத்தில் முடிவாகிவிடும்.

2006-இல் முதல் அமர்வில் தோற்ற வழக்கு, 2007 நவம்பர் 13 அன்று பெரும் அமர்வில் 13-க்கு 4 என்ற கணக்கில் வென்றது. உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, விளைவே பாகுபாட்டைக் காட்டும் என்று நீதிமன்றம் ஏற்றது. பெற்றோரின் கையெழுத்தை அது ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தாங்களே குறைவாகப் படித்த பெற்றோர் முழு விவரமும் அறிந்து சம்மதித்தார்கள் என்று கொள்ள முடியாது. அப்படியே சம்மதித்திருந்தாலும் பாகுபாடு காட்டப்படாமல் இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்றது. தொடர்ந்து கிரீஸ், குரோவேஷியா, ஹங்கேரி ஆகிய நாடுகளுக்கு எதிராகவும் இதே போன்ற தீர்ப்புகள் வந்தன. பழக்கம் தீர்ப்பால் மட்டும் மாறிவிடவில்லை. செக் பள்ளிகளின் பெயர்ப் பலகை மாறியது, உள்ளடக்கம் மெதுவாகவே மாறியது. ரோமா குழந்தைகளைப் பிரித்து வைப்பதைத் தடுக்கவில்லை என்று ஸ்லோவாக்கியா மீது ஐரோப்பிய ஆணையம் 2023-இல் ஒன்றியத்தின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் நிலைதான் இருந்தது.

அந்தச் சோதனைகளின் தரம் என்ன என்பதைக் குடிபெயர்வு வெளிச்சமாக்கியது. செக், ஸ்லோவாக் நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்த ரோமா மாணவர் 61 பேரை ஈக்வாலிட்டி என்ற தொண்டு நிறுவனம் 2011-இல் ஆய்வு செய்தது. அவர்களில் 85 விழுக்காட்டினர் சொந்த நாட்டில் சிறப்புப் பள்ளிகளிலோ ரோமா மட்டுமே படிக்கும் பள்ளிகளிலோ இருந்தவர்கள். பிரித்தானியாவின் பொதுப் பள்ளிகளில், எழுத்தறிவிலும் கணக்கிலும் அறிவியலிலும் அவர்களுடைய தேர்ச்சி சராசரிக்குச் சற்றே கீழே இருந்தது. புதிய நாடு, புதிய மொழி என்பதை நினைத்தால் அது நல்ல தேர்ச்சி. எல்லை தாண்டியதும் பிள்ளைகளின் மூளை மாறிவிடவில்லை, வகுப்பறைதான் மாறியது.

வழக்கம் என்ற விளக்கம்

பெண்களுக்கு இரண்டாவது சரிவு பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வருகிறது. ஸ்பெயினில் ஹிதானோ என்று அழைக்கப்படும் ரோமா சமூகத்தின் சிறுமிகள், தொடக்கப் பள்ளி முடிந்து இடைநிலைப் பள்ளிக்கு மாறும் கட்டத்தில்தான் பெருமளவில் படிப்பை விடுகிறார்கள். பள்ளி தூரத்தில் இருக்கிறது, தெரிந்த முகங்கள் இல்லை, வகுப்பில் அவள் ஒருத்திதான் ரோமா. வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பருவமடைந்த பெண்ணின் நற்பெயர் குறித்த கவலை பெற்றோரை அரிக்கிறது. செர்பியாவின் ரோமா குடியிருப்புகளில் யூனிசெஃப் துணையோடு 2019-இல் எடுக்கப்பட்ட கணக்கில், 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். இதை மூடி மறைக்க ரோமா பெண் அறிஞர்கள் முயலவில்லை. கன்னிமை குறித்த கட்டுப்பாடுகளையும் சிறுவயதுத் திருமணத்தையும் முதலில் வெளிப்படையாக விவாதத்துக்குக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தான்.

ஆனால் 'அது அவர்கள் வழக்கம்' என்று சொல்லி அரசு விலகிக்கொள்வதையும் அவர்கள் ஏற்கவில்லை. 2003-இல் ருமேனியாவின் சிபியூ நகரில் நடந்த ஒரு சிறுவயதுத் திருமணம் உலகச் செய்தியானது. அதைப் பற்றி எழுதிய ரோமா பெண்ணியலாளர் அலெக்சாந்திரா ஒப்ரேயா, ஊடகங்கள் அதை ரோமா இனத்தின் பின்தங்கிய நிலைக்குச் சான்றாகக் காட்டியதையும், ரோமா தலைவர்களான ஆண்கள் பண்பாட்டின் பெயரால் அதைக் காத்துப் பேசியதையும் சேர்த்தே கண்டித்தார். இரு பக்கத்துக்கும் நடுவில் அந்தச் சிறுமியின் குரல் காணாமல் போயிற்று என்பதே அவருடைய வாதத்தின் சாரம். ஹங்கேரியின் ஆங்கேலா கோத்ஸே, ருமேனியாவின் நிக்கோலெத்தா பிட்சு ஆகியோரும் இதே திசையில் எழுதினார்கள். இனப் பாகுபாடும் பால் பாகுபாடும் ஒன்றையொன்று வலுப்படுத்தும் என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் கறுப்பினப் பெண்களை முன்வைத்து வகுத்த கோட்பாடு இவர்களுக்குக் கைகொடுத்தது.

பள்ளியும் திருமணமும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதைப் பொருளாதாரக் கண்ணோடும் பார்க்க வேண்டும். படித்தாலும் வேலை கிடைக்காது, விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள் என்று தெரிந்த குடும்பம், மகளுக்குப் பாதுகாப்பாகக் கருதுவது திருமணத்தைத்தான். அடிப்படை உரிமைகள் முகமையின் 2016 ஆய்வின்படி ரோமா மக்களில் 80 விழுக்காட்டினர் வறுமை அபாயத்தில் இருந்தார்கள். 30 விழுக்காட்டினரின் வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத வீட்டில் அதைச் சுமந்து வரும் வேலை பெரும்பாலும் பெண் பிள்ளைகளுடையது. வீட்டுப்பாட நேரம் அதில் கரைகிறது. இத்தகைய இடத்தில் சட்டம் ஒரு படி இறங்கினாலும் அடி பலமாக விழும். ஹங்கேரியில் கட்டாயக் கல்வி வயதை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் 18-இலிருந்து 16-ஆகக் குறைத்தது. மேல்நிலைக் கல்வியின் நடுவில் பள்ளியை விடுவது அன்று முதல் சட்டப்படி சரியாயிற்று. ரோமா பெண்களின் உயர்கல்வியைப் பற்றி உண்மையாகவே கவலைப்படும் ஓர் அரசு செய்யக்கூடிய காரியமல்ல இது.

திறக்கப்பட்ட இடங்கள்

இட ஒதுக்கீட்டை ஐரோப்பாவில் முதலில் துணிந்து செய்த நாடு ருமேனியா. 1992-ஆம் கல்வியாண்டில் புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தின் சமூகப் பணித் துறையில் ரோமா மாணவர்களுக்கு 10 இடங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் க்ளூஜ், யாஷ், திமிஷோரா ஆகிய நகரங்களுக்கு அது பரவி, ஆண்டுக்குச் சில நூறு இடங்களாக வளர்ந்தது. விண்ணப்பிப்பவர் தாம் ரோமா இனத்தவர் என்பதற்கு ஒரு ரோமா அமைப்பிடமிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று இணைக்க வேண்டும். அந்தக் கடிதம் எளிய காரியமல்ல. பள்ளி முழுவதும் தன் இனத்தை மறைத்தே வந்த ஒரு பெண், முதல்முறையாக எழுத்தில் 'நான் ரோமா' என்று அறிவித்தாக வேண்டும். சிலர் அதற்கு அஞ்சி இடத்தையே விட்டுவிட்டார்கள். சிலருக்கு அந்தக் கடிதத்திலிருந்தே பெருமையோடு பேசும் வாழ்க்கை தொடங்கியது. தகுதியில்லாமல் சலுகையில் வந்தவர்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. இட ஒதுக்கீடு எங்கு வந்தாலும் பின்னாலேயே வரும் பேச்சு அது. ஒதுக்கீட்டு இடங்கள் பொது இடங்களுக்கு மேல் கூடுதலாக உருவாக்கப்பட்டவை என்பதை அப்படிப் பேசியவர்கள் சொல்வதில்லை. செர்பியாவிலும் 2000-களின் தொடக்கத்திலிருந்து மேல்நிலைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ரோமா மாணவர்களுக்குத் தனி இடங்கள் வந்தன.

ஒதுக்கிய இடத்தில் வந்து அமர மேல்நிலைக் கல்வி முடித்தவர்கள் வேண்டும். ஹங்கேரியில் அந்தக் கண்ணியைப் பொருத்தும் முயற்சிகள் இரண்டு, இந்தியப் பெயர்களோடு நடந்தன. பேச் நகரில் 1994-இல் காந்தி பள்ளி திறக்கப்பட்டது. பல்கலைக்கழக நுழைவுக்கான இறுதித் தேர்வு வரை கொண்டுசெல்லும் முதல் ரோமா மேல்நிலைப் பள்ளி அது. ரோமா மக்களின் இரண்டு மொழிகளான ரோமானியும் பெயாஷும் அங்கே பாடங்கள். விடுதி இருந்தது. பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு, தங்கள் மக்களே நடத்தும் விடுதி என்பது நம்பிக்கை தரும் விஷயமாக இருந்தது. வடகிழக்கு ஹங்கேரியின் ஷயோகாசா என்ற சிற்றூரில் டாக்டர் அம்பேத்கர் பள்ளி 2007-இல் தொடங்கியது. திபோர் தெர்தாக், யானோஷ் ஓர்ஷோஷ் என்ற இருவர் மகாராஷ்டிரத்துக்கு வந்து தலித் பௌத்தர்களைச் சந்தித்து, அம்பேத்கரின் வாழ்விலும் எழுத்திலும் ஹங்கேரிய ரோமா மக்களின் நிலையையே கண்டார்கள். ஜெய் பீம் என்ற பெயரில் பௌத்த அமைப்பு ஒன்றைத் தொடங்கி, அதன் கீழ் பள்ளியை நடத்துகிறார்கள். வேறு பள்ளிகள் கைவிட்ட இளைஞர்களும் இளம்பெண்களும் இறுதித் தேர்வு எழுத வரும் இடம் அது. கற்பி, போராடு, ஒன்றுசேர் என்ற முழக்கம் மகாராஷ்டிரத்தின் தலித் சேரிகளிலிருந்து ஒரு ஹங்கேரியக் கிராமம் வரை போயிருக்கிறது.

பணம் இன்னொரு பாதி. 2005-இல், 'ரோமா உள்ளடக்கப் பத்தாண்டு' என்ற பல நாட்டு முயற்சி தொடங்கிய அதே ஆண்டில், புடாபெஸ்டைத் தலைமையிடமாகக் கொண்டு ரோமா கல்வி நிதியம் நிறுவப்பட்டது. மத்திய, கிழக்கு ஐரோப்பாவின் ரோமா மாணவர்களுக்குப் பட்டப்படிப்பு உதவித்தொகை தரும் முதன்மை அமைப்பாக அது செயல்பட்டது. போர்ச்சுகலில் 2015-இல் ஒரு ரோமா சங்கம் தொடங்கிய ஒப்ரே சவாலே திட்டத்தை அரசே உதவித்தொகையாக ஏற்று நடத்தியது. மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் 2004-இல் தொடங்கிய ஆயத்தப் படிப்பு வேறு வகை. இளங்கலை முடித்த ரோமா மாணவர்களுக்கு ஓராண்டு முழுவதும் ஆங்கிலமும் ஆய்வுமுறையும் கற்றுக்கொடுத்து, முதுகலைப் படிப்புக்குத் தயார் செய்வது அதன் வேலை. 2017-இல் அங்கே ரோமானி ஆய்வுகளுக்குத் தனித் திட்டம் வந்தது. ஹங்கேரி அரசின் சட்டத்தால் அந்தப் பல்கலைக்கழகமே வியன்னாவுக்கு இடம்பெயர நேர்ந்தபோது, ஹங்கேரியின் ரோமா மாணவர்கள் தங்கள் நாட்டுக்குள்ளேயே இருந்த ஒரு வாய்ப்பை இழந்தார்கள்.

படித்து முடித்தவர்கள்

தோல்விக்கான காரணங்களையே ஆராய்ந்து வந்த துறையில், வெற்றி பெற்றவர்கள் எப்படி வென்றார்கள் என்று கேட்ட ஆய்வுகள் குறைவு. ஹார்வர்டின் எஃப்எக்ஸ்பி மையத்தில் ஜாக்குலின் பாபா, மார்கரெத்தா மத்தாக்கே ஆகியோர் செர்பியாவில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் முக்கியமானது. மத்தாக்கே ருமேனியாவைச் சேர்ந்த ரோமா பெண். பல்கலைக்கழகத்தை அடைந்த ரோமா இளைஞர்களையும் அடையாதவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தது இந்த ஆய்வு. பெற்றோரின் கல்வியும் ஊக்கமும், கலப்புப் பள்ளி, பிள்ளையை நம்பிய ஓர் ஆசிரியர், உதவித்தொகை, ஒதுக்கீடு ஆகியவை சேர்ந்து வேலை செய்தது தெரிந்தது. தனிமனித மனவலிமை எல்லாருக்கும் வேண்டியிருந்தது. ஆனால் அதைக் கொண்டு மட்டும் யாரும் கரையேறவில்லை.

குடும்பத்தில் ஒருவர் படித்தால் என்ன ஆகும் என்பதற்குச் செக் நாட்டின் ஹோலோமெக் குடும்பம் சான்று. தோமாஷ் ஹோலோமெக் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அவருடைய மகன் கரேல் பொறியாளரானார். கரேலின் மகள் யானா ஹோர்வாதோவா வரலாறு படித்து, பர்னோ நகரில் 1991-இல் ரோமா பண்பாட்டு அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, பின்னர் அதன் இயக்குநரானார். ஆனால் இனப்படுகொலையில் போஹேமிய, மொராவிய ரோமா மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டதால், இப்படித் தலைமுறைத் தொடர்ச்சி கொண்ட குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. இன்று பட்டம் பெறும் ரோமா பெண்களில் மிகப் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். புக்காரெஸ்டில் மண்வீட்டிலும் காப்பகத்திலும் வளர்ந்து, குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆளாகி, நாடகக் கல்வியை லண்டன் வரை சென்று பயின்ற நடிகரும் இயக்குநருமான அலினா ஷெர்பான், தன் நுழைவுத் தேர்வுக் காலத்தையே தனிநபர் நாடகமாக எழுதி நடித்தார்.

பட்டம் பெண்ணைத் தன் மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்ற அச்சம் பாபுஷாவின் காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஸ்பெயினில் படித்த ஹிதானோ பெண்ணைப் பார்த்து, இவள் வெளியாளைப் போல் ஆகிவிட்டாள் என்று சொல்வார்கள். அதைச் சமாளிக்கப் பார்சிலோனாவின் ரோமா பெண்கள் அமைப்பான த்ரோம் கோதார் மெஸ்திபென் 1999 முதல் ஒரு நல்ல வழி கண்டது. அதன் மாணவியர் கூட்டங்களுக்குச் சிறுமிகள் மட்டும் வருவதில்லை. அம்மாக்கள், பாட்டிகள், சந்தையில் துணி விற்கும் அத்தைகள் எல்லாரும் வருகிறார்கள். அங்கே பேசுபவர்களில் ஹிதானோ மாணவியும் உண்டு, பிள்ளைகளை வளர்த்த பின் படிக்கத் தொடங்கிய பெண்ணும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி 'போய்ப் படி' என்று பேத்தியிடம் எல்லார் முன்னாலும் சொல்லும்போது, எந்த அரசு விளம்பரத்துக்கும் இல்லாத வலிமை அந்தச் சொல்லுக்கு வருகிறது. இந்த முறையின் சிறப்பு, முடிவெடுக்கும் பெரியவர்களை எதிரிகளாக்காமல் படிப்புக்குக் காவலர்களாக்கியதுதான்.

பொதுவாழ்வில் விளைவு தெரியத் தொடங்கியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மானுடவியல் பயின்ற ஹங்கேரியின் லீவியா யாரோகா 2004-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்; ரோமா பெண்களின் நிலை குறித்து அந்த அவை 2006-இல் நிறைவேற்றிய தீர்மானம் அவருடைய அறிக்கையில் பிறந்தது. 2019-இல் ஸ்பெயின் நாடாளுமன்றத்துக்கு நான்கு ஹிதானோ உறுப்பினர்கள் வந்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள்: மானுடவியல் படித்த பெயாத்ரிஸ் கார்ரியோ, வழக்கறிஞர் சாரா ஹிமேனெஸ்.

பட்டத்துக்குப் பிந்தைய வேலைதான் இன்னும் தீராத கணக்கு. ருமேனியாவில் 1990-களில் ரோமா அமைப்புகள் தொடங்கி 2002-இல் சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்ட சுகாதார இணைப்பாளர் பணியில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ரோமா பெண்கள். குடியிருப்புக்கும் மருத்துவருக்கும் நடுவில் நின்று, தடுப்பூசி முதல் பேறுகாலம் வரை அலைவது அவர்கள் வேலை. மருத்துவமனை வாசல் வரை அவர்களை அழைத்துவந்த அமைப்பு, உள்ளே மருத்துவராக உட்கார வழி செய்யவில்லை, ஊதியமும் குறைவு. இதை மாற்றத்தான் 2008-இல் ருமேனியாவில் ரோமா மருத்துவ, செவிலியர் மாணவர்களுக்கான தனி உதவித்தொகைத் திட்டம் வந்தது. கட்டணத்தோடு, நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கும், துறையில் ஏற்கெனவே இருக்கும் மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டியாக இருப்பதற்கும் அதில் இடம் இருந்தது. பின்னர் அது செர்பியா, வட மாசிடோனியா, பல்கேரியா ஆகிய நாடுகளுக்கும் விரிந்தது.